ஃபோல்டரா, டேக்கா, தேடலா? ஏற்றுமதி அலுவலக மெயிலைத் தண்டர்பேர்டில் அடுக்கும் வழிகள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை கவனிப்பவராக, இருப்பவரின் மெயில் திரையைப் பார்த்தால், இடப்பக்கம் ஃபோல்டர் பட்டியல் இறங்கிக்கொண்டே போகும். பையர் (ஆர்டர் தருபவர்) பெயர், அதற்குள் சீசன், அதற்குள் ஸ்டைல் நம்பர், அதற்குள் லேப் டிப் (சாயநிற மாதிரி), ஃபிட் சாம்பிள் (அளவு மாதிரி), பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), ஷிப்மென்ட். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஒரு நாள் பையரிடமிருந்து ஒரே ஒரு மெயில் வரும். முதல் பத்தியில் ஒரு ஸ்டைலுக்குக் காலர் அளவு திருத்தம், அடுத்ததில் வேறொரு ஸ்டைலின் லேப் டிப் அப்ரூவல், கடைசி வரியில் மூன்றாவது ஸ்டைலின் ஷிப்மென்டை ஒரு வாரம் முன்னால் அனுப்ப முடியுமா என்று ஒரு கேள்வி. இதை எந்த ஃபோல்டரில் போடுவது?

"லேப் டிப் ஓகே ஆன மெயில எங்கீங்கண்ணா போட்டீங்க?"

"அந்தக் காலர் ஸ்டைல் ஃபோல்டர்லயே கிடக்கும், பாரு தம்பி."

பதில் சொன்ன அண்ணன் அன்றைக்கு லீவில் இருந்தால் தம்பியின் பாடு திண்டாட்டம்தான்.

தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலில் மெயிலை அடுக்க நான்கு வழிகள் இருக்கின்றன: ஃபோல்டர் மரம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துத் தேடிக்கொள்வது, மெயில் மேல் டேக் என்ற அடையாளச் சீட்டு போடுவது, தேடலையே ஒரு ஃபோல்டர் மாதிரி சேமித்து வைப்பது. தண்டர்பேர்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து இன்றுவரை இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது, சொந்த டொமைனில் மெயில் வைத்திருக்கும் சின்ன அலுவலகங்களுக்குப் பொருந்துகிறது. அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான். அங்கே டேக்குக்குப் பெயர் கேட்டகரி, சேமித்த தேடலுக்குப் பெயர் சர்ச் ஃபோல்டர்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயில் எதைப் பற்றியது என்று பார்த்து ஃபோல்டர் பிரித்தால் கதை முடியாது. அது எவ்வளவு காலம் தேவைப்படும், நாளைக்கு யார் கைக்குப் போகும் என்று பார்த்துப் பிரித்தால் பத்துப் பதினைந்து ஃபோல்டரிலேயே வேலை முடிந்துவிடும். 'எதைப் பற்றியது' என்ற கேள்வியைத் தேடலிடம் விட்டுவிடலாம்.

ஃபோல்டர் மரத்தை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. எந்த மெயில் நிரலிலும், எந்த போனிலும் ஃபோல்டர் ஃபோல்டராகவே தெரியும். வேலையை விட்டுப் போகிறவர் ஒரு பையரின் ஃபோல்டரை அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றலாம். ஆடிட்டர் கேட்டால் ஒரு வருடத்து ஃபோல்டரைக் காட்டலாம். டேக்கிலோ தேடலிலோ இந்த வசதி இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

சிக்கல் இரண்டு. ஒரு மெயில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்பது முதலாவது, மேலே பார்த்தோம். இரண்டாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. பையர் அனுப்பியதை நீங்கள் ஃபோல்டருக்கு நகர்த்துகிறீர்கள், நீங்கள் எழுதிய பதில் 'சென்ட்' ஃபோல்டரில் தங்கிவிடுகிறது. அதாவது பேச்சில் பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். ஆறு மாதம் கழித்து பையர் நஷ்டஈடு கேட்டு க்ளெய்ம் அனுப்பும்போது, 'துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) குறையும் என்று அன்றைக்கே சொன்னேனே' என்று காட்ட வேண்டிய மெயில் உங்களுடையது. அது ஸ்டைல் ஃபோல்டரில் இருக்காது. தண்டர்பேர்டில் இதற்கு ஒரு வழி உண்டு. அக்கவுன்ட் செட்டிங்ஸில் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குப் போனால், பதில் மெயிலை மூல மெயில் இருக்கும் ஃபோல்டரிலேயே வைக்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும். ஃபோல்டர் மரத்தை விட மனசில்லாதவர்கள் குறைந்தபட்சம் அதையாவது போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இன்பாக்ஸில் இருக்கும்போதே பதில் எழுதிவிட்டு, அப்புறம் நகர்த்துகிறவர்களுக்கு இது உதவாது. பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் முனை, எதையும் பிரிக்காமல் தேடிக்கொள்வது. இதற்கு ஆதரவாக ஓர் ஆய்வே இருக்கிறது. ஐபிஎம் ஆய்வாளர்கள் 2011இல் 345 பேர் பழைய மெயிலை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மொத்தம் 85,000க்கு மேற்பட்ட செயல்கள் பதிவாயின. விரிவாக ஃபோல்டர் பிரித்து வைத்தவர்கள் அந்த ஃபோல்டர்களைத்தான் நம்பித் தேடினார்கள், ஆனால் மற்றவர்களைவிடச் சிறப்பாக ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. ஃபோல்டருக்குள் போய் எடுக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆனது, தேடலில் 20 வினாடிக்குள் முடிந்தது. பிரித்து அடுக்கச் செலவான நேரம் தனிக்கணக்கு.

சரி, அப்படியானால் ஃபோல்டரையே தூக்கிப் போட்டுவிடலாமா? நம் ஊர் அலுவலகத்துக்கு அது அப்படியே பொருந்தாது. தேடுவதற்கு ஒரு சொல் வேண்டும். பையர் அனுப்பும் மெயிலின் சப்ஜெக்ட் பாதி நேரம் 'அர்ஜென்ட்' என்பதோடு நின்றுவிடும். ஸ்டைல் நம்பர் இணைத்த எக்ஸெல் கோப்புக்குள்தான் இருக்கும். ஜிமெயிலின் இணையப் பக்கம் பிடிஎஃப்புக்குள்ளும் எட்டிப் பார்க்கும், தண்டர்பேர்டின் தேடல் இணைப்புகளின் உள்ளே போகாது. டையிங், பிரின்டிங் யூனிட்டுகளிலிருந்து வருகிற மெயிலில் ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுவார், இன்னொருவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார். மூன்றையும் ஒரே சொல்லால் பிடிக்க முடியாது. தமிழில் தேடும்போது வேற்றுமை உருபுகளும் குறுக்கே வரும். 'கட்டணம்' என்று போட்டால் 'கட்டணத்தை' என்பது சிக்காது, 'கட்டண' என்று வெட்டிப் போட்டால் இரண்டும் வரும்.

இதில் செய்யக்கூடிய ஒரே காரியம், நாம் பதில் அனுப்பும்போது சப்ஜெக்டில் ஸ்டைல் நம்பரையும் பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்) நம்பரையும் சேர்ப்பது. பையரும் அதற்கு 'ரிப்ளை' போட்டுக்கொண்டே போவதால், அந்த எண் கடைசிவரை கூடவே வரும். அரை நிமிட வேலை. எந்த ஃபோல்டர் அமைப்பையும்விட இதற்குப் பலன் அதிகம்.

இங்கே ஃபோல்டரும் தேடலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். தண்டர்பேர்டில் மெயில் பட்டியலுக்கு மேலே வரும் 'குவிக் ஃபில்டர்' பட்டைதான் அன்றாடத் தேடலுக்குக் கைவாகு. கன்ட்ரோல், ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கர்சர் அங்கே போய் நிற்கும். அனுப்பியவர், சப்ஜெக்ட், மெயிலின் உடல், டேக், இணைப்பு உள்ளவை மட்டும் என்று எழுத எழுத வடிகட்டித் தரும். ஆனால் அது பார்ப்பது திறந்திருக்கும் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும். எனவே மெயிலை நூறு ஃபோல்டராகச் சிதறவிட்டவருக்கு, இருப்பதிலேயே நல்ல தேடல் கருவி கைவிட்டுப் போகிறது. எல்லாவற்றையும் ஒருசேரத் தேடும் பெட்டி ஒன்று தனியாக உண்டு. அது தரும் முடிவுகள் புதிய டேப் ஒன்றில் பரப்பிக் கிடக்கும், அதில் வேலை செய்வது எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

டேக்குக்கு வருவோம். தண்டர்பேர்ட் தானாகவே ஐந்து டேக் தருகிறது: முக்கியம், வேலை, சொந்தம், செய்ய வேண்டியது, அப்புறம் பார்ப்பது என்ற பொருளில். 1 முதல் 5 வரை எண் விசையைத் தட்டினால் டேக் விழும், 0 தட்டினால் எல்லாம் போய்விடும். ஒரு மெயிலுக்கு எத்தனை டேக் வேண்டுமானாலும் போடலாம். அதனால் பலர் பையர் பெயரையும் சீசனையும் டேக் ஆக்கிவிடுகிறார்கள். அது வீண் வேலை. பையர் யார் என்பது அனுப்புநர் முகவரியிலேயே இருக்கிறது. மெயிலில் எழுதியிருக்காத ஒன்றைச் சொல்வதற்குத்தான் டேக். இந்த மெயில் இப்போது யார் கையில் நிற்கிறது? நாம் பதில் சொல்ல வேண்டுமா, பையர் சொல்ல வேண்டுமா, டையிங் யூனிட்டிலிருந்து தகவல் வர வேண்டுமா? இவற்றுக்கு 1, 2, 3 என்று வைத்துக்கொண்டால் மீதி இரண்டில் ஒன்று 'அப்ரூவல்', இன்னொன்று 'க்ளெய்ம்'. முதல் மூன்றும் வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டியவை. கடைசி இரண்டும் என்றைக்கும் நிற்க வேண்டியவை.

அலுவலகத்தில் ஒரே மெயில் முகவரியை மூன்று பேர் மூன்று கணினியில் திறந்து வைத்திருந்தால் டேக் இன்னும் உபயோகம், ஒரு நுணுக்கத்தைத் தெரிந்துகொண்டால். மெயில் சர்வரிலேயே இருக்க, எல்லாக் கருவியும் அதையே காட்டும் ஐமேப் முறையில் டேக் சர்வருக்குப் போய்விடும், சர்வர் அதை ஏற்றுக்கொள்ளும் வகையாக இருந்தால். சிபேனல் ஹோஸ்டிங்கில் ஓடும் டவ்காட் என்ற மெயில் சர்வர் நிரல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் முதல் ஐந்து டேக்குகளுக்கும் சர்வருக்குப் போவது 'லேபிள் 1', 'லேபிள் 2' என்ற வரிசை அடையாளம்தான். அதற்கு நீங்கள் வைத்த பெயரும் நிறமும் உங்கள் கணினியிலேயே தங்கிவிடும். உங்களிடம் 1 என்பது 'நாம் பதில் தர வேண்டும்' என்றிருக்க, பக்கத்து மேசையில் அதே மெயில் சிவப்பில் 'முக்கியம்' என்று தெரியும். புதிதாக ஆறாவது டேக் ஒன்றை உண்டாக்கினால், அதை உண்டாக்காத கணினியில் அது தெரியவே தெரியாது. ஆகவே புதிய டேக் சேர்க்காமல், அந்த ஐந்தின் பெயரை மட்டும் மூன்று கணினியிலும் ஒரே மாதிரி மாற்றுவதுதான் பத்திரம். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் தண்டர்பேர்டில் போடும் டேக், ஜிமெயில் பக்கத்தில் லேபிளாக வராது. போனில் உள்ள மெயில் செயலிகளும் பெரும்பாலும் இதைக் காட்டுவதில்லை. நாள் முழுக்க ஃபேக்டரிக்குள் நடந்துகொண்டு போனிலேயே மெயில் பார்க்கிறவர், டேக்கை நம்பி அமைப்பு கட்டக் கூடாது.

நான்காவது வழியான சேமித்த தேடல்தான் என் கணக்கில் மேலே நிற்கிறது, ஆனால் மிகக் குறைவானவர்களே பயன்படுத்துகிறார்கள். ஃபைல் மெனுவில் 'நியூ', அதில் 'சேவ்டு சர்ச்'. ஒரு பெயர் கொடுத்து, எந்தெந்த ஃபோல்டரில் பார்க்க வேண்டும் என்று டிக் செய்து, நிபந்தனையை எழுத வேண்டும். சப்ஜெக்டிலோ உடலிலோ 4471 என்ற ஸ்டைல் நம்பர் இருப்பவை என்று வைத்துக்கொள்வோம். இன்பாக்ஸ், சென்ட், இந்த வருட ஆர்க்கைவ் (முடிந்த மெயிலை வைக்கும் ஃபோல்டர்) மூன்றையும் டிக் செய்தால், இடப்பக்கம் 4471 என்று ஒரு ஃபோல்டர் முளைக்கும். திறந்தால் பையர் எழுதியதும் நீங்கள் எழுதியதும் தேதிவாரியாக ஒன்றாக நிற்கும். அந்த மூன்று ஸ்டைல் மெயில் இருக்கிறதே, அது மூன்று தேடலிலும் தலைகாட்டும். மெயில் எதுவும் இடம் மாறவில்லை, நகல் எடுக்கப்படவும் இல்லை. சப்ஜெக்டில் நம்பர் சேர்க்கச் சொன்னது ஏன் என்று இப்போது புரியும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களுக்கு மட்டும் இப்படிச் செய்துவிட்டு, ஷிப்மென்ட் முடிந்து பணம் வந்ததும் அந்தத் தேடலை அழித்துவிடலாம். தேடலை அழித்தால் மெயிலுக்கு ஒன்றும் ஆகாது. தேடலுக்குள் நின்றுகொண்டு ஒரு மெயிலை அழித்தால் மட்டும் அது நிஜமாகவே போய்விடும். புதிதாக வருகிறவரிடம் இதை இரண்டு முறை சொல்லி வைக்க வேண்டும். டேக்கையும் இதோடு இணைக்கலாம்: 'பையர் பதில் வர வேண்டும்' என்ற டேக் உள்ளவை எல்லாம் ஒரு சேமித்த தேடல். காலையில் அதைத் திறந்து மேலிருந்து கீழே ஒவ்வொருவருக்கும் நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே வந்தால் ஃபாலோ-அப் வேலை முடிந்தது.

குறை இல்லாமல் இல்லை. மெயில் உடலுக்குள் தேட வேண்டுமானால் அந்த மெயில்கள் கணினியில் இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்டுக்கொண்டு நிற்கும். பல ஃபோல்டரைச் சேர்த்தால் பழைய கணினி மூச்சு வாங்கும். இந்தத் தேடல்கள் அந்தக் கணினியோடு சரி, போனுக்கு வராது.

இப்போது மீதமிருக்கும் ஃபோல்டர்கள். முடிந்த மெயிலை வைக்க வருடவாரி ஆர்க்கைவே போதும். மெயிலைத் தேர்ந்தெடுத்து ஏ விசையைத் தட்டினால் அது 'ஆர்க்கைவ்ஸ்' ஃபோல்டருக்குள் அந்தந்த வருடத்துக்குப் போய்ச் சேரும். மாதவாரியாகப் பிரிக்கவும் செட்டிங்ஸில் வழி உண்டு, அவ்வளவு தேவையில்லை. வருடத்தோடு நிறுத்துவதில் தொழில்நுட்ப நியாயமும் இருக்கிறது. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக எழுதி வைக்கிறது, எம்பாக்ஸ் என்பார்கள். எல்லாம் ஒரே ஆர்க்கைவில் சேர்ந்தால் அந்தக் கோப்பு சில ஜிபி ஆகிவிடும். ஒரு மெயில் சேர்ந்தாலும் பேக்கப் எடுக்கும்போது முழுக் கோப்பும் மறுபடி நகல் ஆகும். 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கும் பென்டிரைவில் ஏறவே ஏறாது. சில ஆன்டிவைரஸ்கள் உள்ளே ஒரு கெட்ட மெயில் இருக்கிறதென்று கோப்பையே தூக்கித் தனியறையில் போட்டுவிடும், ஃபோல்டர் முழுக்கக் காலியாகத் தெரியும். 2023ஆம் வருடத்துக் கோப்பு மாறப்போவதில்லை என்றால் ஒரு தடவை நகல் எடுத்து வைத்தால் தீர்ந்தது. மெயிலை அழித்த பிறகு 'காம்பாக்ட்' செய்தால்தான் இடம் நிஜமாகக் காலியாகும் என்பதும் இந்த ஒற்றைக் கோப்பு முறையால்தான்.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைச் சட்டமே ஓரளவு முடிவு செய்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு 2013 கம்பெனிகள் சட்டம் 8 நிதியாண்டு என்கிறது. இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், வங்கிக் கடிதம் வந்த மெயில்களை மட்டும் நிதியாண்டு பெயரில் ஒரு தனி ஃபோல்டராக வைக்க இதுதான் காரணம். அவற்றின் ஆயுள் வேறு, கேட்டு வருகிறவரும் வேறு. லேப் டிப் பேச்சு அத்தனை வருடம் யாருக்கும் தேவைப்படாது.

ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்காமல் விட முடியாது. ஐமேப் கணக்குக்குக் கீழே உண்டாக்கும் ஃபோல்டர் சர்வரில் இருக்கும், போனிலும் தெரியும். 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதற்குக் கீழே இழுத்துப் போட்டால் அந்த மெயில் சர்வரிலிருந்து போய்விடும், அந்த ஒரு கணினியின் டிஸ்கில் மட்டும் இருக்கும். இடம் நிறைந்துவிட்டது என்று பழைய மெயிலை அங்கே இறக்குவது பரவலான பழக்கம். தவறில்லை, ஆனால் அன்றைக்கே பேக்கப் வேண்டும். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வருகிறவர் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் நகல் எடுப்பார். தண்டர்பேர்ட் மெயிலையும் செட்டிங்ஸையும் வைக்கும் புரொஃபைல் ஃபோல்டர் 'ஆப்டேட்டா' என்ற மறைவான ஃபோல்டருக்குள் இருப்பதைப் பார்க்க மாட்டார்.

ஜிமெயிலைத் தண்டர்பேர்டில் இணைத்திருந்தால் கணக்கே கொஞ்சம் வேறு. அங்கே ஃபோல்டர் என்று தெரிவதெல்லாம் லேபிள்தான். இரண்டு லேபிள் உள்ள மெயில் இரண்டு ஃபோல்டரில் தெரியும், 'ஆல் மெயில்' என்பதில் மூன்றாவது தடவையும் தெரியும். ஜிமெயிலின் 15 ஜிபியில் அது ஒரு மெயில்தான். தண்டர்பேர்டோ அதையே திரும்பத் திரும்ப இறக்கி வைக்கக்கூடும். ஜிமெயில் செட்டிங்ஸில் லேபிள் பகுதிக்குப் போய், தேவையில்லாதவற்றுக்கு 'ஐமேப்பில் காட்டு' என்ற டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் தப்பிக்கும்.

ஃபில்டர் பற்றி ஒரு வார்த்தை. வருகிற மெயிலைத் தானாகவே ஃபோல்டருக்கு அனுப்பும் வசதி ஆசை காட்டும். இயந்திரம் அனுப்பும் மெயிலுக்கு மட்டும் அதை வையுங்கள்: வங்கி எஸ்எம்எஸ் மாதிரி வரும் அறிவிப்புகள், கூரியர் டிராக்கிங், செய்திமடல். மனிதர் எழுதுவது இன்பாக்ஸுக்கே வரட்டும். பையர் மெயிலைத் தானாக உள்ளே தள்ளிவிட்டால், போனில் இன்பாக்ஸ் மட்டும் பார்க்கிறவருக்கு அது வந்ததே தெரியாது. தண்டர்பேர்டின் ஃபில்டர் அந்தக் கணினி ஓடும்போது மட்டும்தான் வேலை செய்யும் என்பதால், காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் இன்பாக்ஸ் இருக்கும்.

ஆக, யாருக்கு எது? மேசையில் உட்கார்ந்து ஒரே கணினியில் வேலை பார்க்கும் மெர்ச்சண்டைசருக்கு: ஐந்து டேக், ஓடும் ஆர்டருக்குச் சேமித்த தேடல், வருட ஆர்க்கைவ், நிதியாண்டு ஃபோல்டர். பாதி நேரம் போனில் இருக்கும் முதலாளிக்கு: பையருக்கு ஒரு ஃபோல்டர், அதற்கு மேல் உட்பிரிவு வேண்டாம். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டால் எல்லாக் கருவியிலும் ஒரே வரிசையில் வரும். தமிழில் பெயர் வைத்தாலும் ஐமேப் தாங்கும், சர்வர் கோப்பை நேரடியாகத் திறக்கிற டெக்னீஷியனுக்கு மட்டும் புரியாத குறியீடாகத் தெரியும். ஆள் அடிக்கடி மாறும் அலுவலகத்துக்கு: ஃபோல்டர் மரமே மேல், இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல். புதிதாக வருகிறவருக்கு டேக்கும் தேடலும் சொல்லிக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கலைத்து அடுக்க உட்கார வேண்டாம். 'பழையது' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி மொத்த மரத்தையும் அதற்குக் கீழே போட்டுவிட்டு, இன்றிலிருந்து வருவதைப் புதிய முறையில் வையுங்கள். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதானால் ஒரேயடியாக இழுக்காமல், ஒவ்வொரு ஃபோல்டராக முதலில் 'காப்பி' செய்யுங்கள். நடுவில் இணைய இணைப்பு அறுந்தால் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தால் மெயில் எண்ணிக்கை தெரியும். இரண்டு பக்கமும் அந்த எண் ஒத்துப்போன பிறகு பழையதை அழிக்கலாம்.